பேனல் கதவில் ஒட்டிய சீட்டு

மேசைக் கணினியின் ஹார்டு டிஸ்கைக் கழற்றி இன்னொரு கணினியில் மாட்டிப் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. பெரும்பாலும் ஓடிவிடும். திரை கொஞ்சம் மங்கும், சவுண்டு வராது, ஒரு முறை ரீஸ்டார்ட் கேட்கும்; அப்புறம் பழைய மாதிரியே வேலை செய்யும். உள்ளங்கையில் அடங்கும் ஒற்றைப் பலகைக் கணினிக்கு மட்டும் இந்தப் பெருந்தன்மை கிடையாது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், கழற்றி மாட்டியது அதே மெமரி கார்டு. ஆனாலும் ஒரு போர்டில் ஓடுவது மற்றதில் முரண்டு பிடிக்கும். போர்டும் நல்ல போர்டு, கார்டும் நல்ல கார்டு என்றால் கெட்டுப்போனது எது?

இதற்கு விடை தேட ஒரு நிட்டிங் ஷெட்டுக்குள் போக வேண்டும்.

பன்னிரண்டு பூஜ்யம்

திருப்பூரில் அவிநாசி ரோட்டை ஒட்டி ஒரு ஷெட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வட்ட நிட்டிங் மெஷின் பன்னிரண்டு. ஒவ்வொன்றும் சுற்றச் சுற்ற, குழாய் போலத் துணி கீழே இறங்கி ரோலாகச் சுருளும். இத்தனை சுற்று ஆனதும் ரோலை வெட்டி இறக்க வேண்டும் என்று கணக்கு. மெஷினிலேயே ஒரு மீட்டர் உண்டு. ஆனால் ஓனருக்கு எல்லா மெஷினின் சுற்றுக் கணக்கும் ஆபீஸ் திரையில் ஒரே இடத்தில் தெரிய வேண்டும். அதற்காக ஒவ்வொரு மெஷினிலும் ஒரு கவுண்டர் பெட்டி வைத்து, பன்னிரண்டையும் இரண்டே கம்பியில் கோர்த்து, கடைசியில் ஒரு பீகிள்போன் பிளாக் போர்டில் இணைத்திருக்கிறார்கள். 2013 ஏப்ரலில் வெளிவந்த போர்டு அது. தொழிற்கூட வேலைகளுக்குப் பலரும் விரும்பி வாங்கியது.

தீபாவளி லீவு முடிந்து ஷெட் திறந்த அன்று ஜெனரேட்டரும் லைனும் மாறி மாறி வந்ததில் போர்டு போய்விட்டது. பஞ்சுத் தூசி வேறு அதன் மேல் கம்பளி மாதிரி படிந்திருந்தது. பீரோவில் எப்போதோ வாங்கி வைத்த மாற்றுப் போர்டு, பிரிக்காத டப்பாவில் இருக்கிறது. பழைய போர்டிலிருந்த கார்டைப் புதியதில் செருகிக் கரண்ட் கொடுத்தாயிற்று. நீல விளக்கு இதயம் மாதிரித் துடிக்கிறது. ஆபீஸ் திரையும் வருகிறது. பன்னிரண்டு மெஷினும் ஓடுகின்றன. திரையில் பன்னிரண்டு பூஜ்யம்.

“கார்டு அதேதானுங்ணா. லீவுக்கு முந்தின நாள் வரைக்கும் கரெக்டா ஓடுச்சுங்க” என்கிறார் சூப்பர்வைசர்.

எலக்ட்ரீசியன் கவுண்டர் பெட்டிகளைத் திறந்து பார்க்கிறார். கம்பியை மாற்றிப் போடுகிறார். கார்டைப் பிரதி எடுத்து இன்னொரு கார்டில் போட்டுப் பார்க்கிறார்கள். பூஜ்யம் பூஜ்யமாகவே நிற்கிறது. மூன்றாம் நாள் “போர்டே டூப்ளிகேட்” என்று தீர்ப்பாகிறது. அந்தத் தீர்ப்பு தவறு. அதை நிரூபிக்க, கணினி எழுகிற முதல் சில நொடிகளை மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும்.

தன் உடம்பு தனக்குத் தெரியாது

அதே ஷெட்டின் மின் பேனல் கதவைத் திறந்தால் உள்பக்கம் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். 1 - முப்பது டயா மெஷின், 2 - இருபத்துநாலு டயா, 7 - கம்ப்ரஸர், 9 - லைட் என்று பேனாவால் எழுதியது. நைட் ஷிப்ட்டுக்குப் புதிதாக வந்த எலக்ட்ரீசியனுக்கு அந்தச் சீட்டுதான் கண். ஏழாவது சுவிட்ச் தன்னை “நான் கம்ப்ரஸர்” என்று அறிமுகப்படுத்திக்கொள்ளாது. சீட்டு வேறு ஷெட்டுடையது என்றால், அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் லைட்டை அணைக்கப் போய்க் கம்ப்ரஸரை நிறுத்துவார்.

ஒற்றைப் பலகைக் கணினியின் நிலைமையும் இதுதான். யூஎஸ்பி-யில் செருகும் சாமான்கள் தங்கள் பெயர், தயாரிப்பாளர், வகை எல்லாவற்றையும் தாங்களே சொல்லும். கணினி கேட்கும், அவை பதில் தரும். ஆனால் சிப்புக்குள்ளேயே வார்த்துவைத்த உறுப்புகளுக்கு வாய் கிடையாது. பீகிள்போனின் சிப்பில் மட்டும் ஆறு சீரியல் வழிகள் இருக்கின்றன. அவை எந்த முகவரியில் இருக்கின்றன, எது எந்தக் காலுக்கு வருகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. காலும் ஒரு வேலையோடு நிற்பதில்லை. போர்டின் இரு பக்கத்திலும் சேர்த்து 92 துளைகள். சிப்பின் ஒரு காலுக்கு எட்டு வேடங்கள் வரை ஒதுக்கலாம். பி9 என்று பெயரிட்ட வரிசையின் 11-ஆவது துளை சும்மா ஒரு சுவிட்சாகவும் இருக்கலாம், நான்காம் சீரியல் வழியின் காதாகவும் இருக்கலாம். எந்த வேடம் என்று யாராவது எழுதித் தந்தாக வேண்டும்.

அப்படி எழுதித் தரும் சீட்டைத்தான் சாதன மரம் என்கிறோம். நடுத்தண்டு போர்டு, கிளைகள் நினைவகம், சீரியல் வழி, நெட்வொர்க், இலைகள் ஒவ்வொன்றின் முகவரி, பெயர், உயிரோடு இருக்கிறதா உறங்குகிறதா என்ற குறிப்பு. மனிதர் படிக்கிற எழுத்தில் எழுதி, கணினி படிக்கிற கோப்பாகச் சுருக்கி வைப்பார்கள். அந்தக் கோப்பின் முதல் நான்கு பைட்டுகள் எப்போதும் ஒரே அடையாளக் குறிதான். பதினாறு அடிமான எண்ணில் எழுதி வாய்விட்டுப் படித்தால் ‘டூட் ஃபீட்’ என்று ஒலிக்கும். நிரல் எழுதுகிறவர்களின் குறும்பு.

மரம் வந்த கதை

யோசனை பழையது. சன் நிறுவனத்துக் கணினிகள் எழும்போது தங்கள் உறுப்புகளை மரமாக அடுக்கித் தந்தன. 1994-இல் அது முறையான தர வரையறையாகவும் ஆனது. 2005 வாக்கில் பவர்பிசி வகைக் கணினிகளில் லினக்ஸை ஓட்டிய பெஞ்சமின் ஹெரன்ஷ்மிட் போன்றவர்கள் அந்த மரத்தைத் தட்டையாக்கித் தனிக் கோப்பாக வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

செல்போன் சிப்புகளின் உலகமான ஆர்ம் இதைக் கண்டுகொள்ளவில்லை. அங்கே ஒவ்வொரு போர்டுக்கும் ஓர் எண். அந்தப் போர்டின் விவரம் முழுவதையும் லினக்ஸின் கருவான கெர்னலுக்குள்ளேயே நிரலாக எழுதிவிடுவார்கள். போர்டுகள் பெருகப் பெருக, கெர்னல் பழைய பில் கட்டு மாதிரி வீங்கியது. 2011 மார்ச்சில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து கடுமையாகவே திட்டினார். அதன் பிறகுதான் ஆர்ம் உலகமும் சாதன மரத்துக்கு மாறியது. 2012 டிசம்பரில் வந்த லினக்ஸ் 3.7-இலிருந்து ஒரே கெர்னல் பல வகை ஆர்ம் போர்டுகளில் ஓட வழி பிறந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலி 2018-இல் லினக்ஸை எழுப்பிக் காட்டியது நினைவிருக்கலாம். அந்த ரிஸ்க்-ஃபைவ் குடும்பத்திலும் கெர்னலின் கையில் கொடுக்கப்படுவது இதே மரம்தான்.

இப்போது முதல் கேள்வியின் பாதிக்கு விடை கிடைத்துவிட்டது. மேசைக் கணினியிலும் இப்படி ஒரு சீட்டு உண்டு. ஆனால் அதை மதர்போர்டு செய்தவரே எழுதி, மதர்போர்டின் சிப்பிலேயே வைத்துவிடுகிறார். பேனல் கதவில் ஒட்டிய சீட்டு மாதிரி, மெஷினோடு அது நிற்கும். ஹார்டு டிஸ்கு எங்கிருந்து வந்தாலும் அங்கே இருக்கிற சீட்டைப் படித்துக்கொள்ளும். நம் சின்னப் போர்டில் சீட்டு பெரும்பாலும் மெமரி கார்டில் வருகிறது. வேலைக்கு வருகிற எலக்ட்ரீசியன் தன் சட்டைப்பையில் சீட்டைக் கொண்டுவருகிற ஏற்பாடு. எந்த ஷெட்டுக்குப் போகிறோம் என்று சரியாகத் தெரிந்தால் ஒழிய வம்பு.

யார் யாரை எழுப்புகிறார்கள்

கரண்ட் வந்ததும் கெர்னல் நேராக எழுந்துவிடுவதில்லை. சிப்புக்குள் அழிக்க முடியாதபடி பொறித்த ஒரு சின்ன நிரல்தான் முதலில் கண் விழிக்கும். அதற்குத் தெரிந்தது குறைவு. அடுத்தவர் எங்கே படுத்திருக்கிறார் என்று தேடி எழுப்பும், அவ்வளவே. அந்த அடுத்தவர் தொடக்கி. நடைமுறையில் பூட்லோடர் என்கிறோம். பீகிள்போனில் அது யூ-பூட். ஜெர்மனியின் வொல்ஃப்காங் டென்க் வளர்த்தெடுத்த நிரல் இது; 2002-இல் இந்தப் பெயருக்கு வந்தது. யூ-பூட்டுக்கு மூன்று வேலை: கெர்னலை நினைவகத்தில் ஏற்றுவது, சரியான சாதன மரத்தைத் தேர்ந்தெடுத்து ஏற்றுவது, இரண்டையும் கைகுலுக்க வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது.

பூஜ்யத்துக்கான காரணம் இந்த இடத்தில்தான் ஒளிந்திருக்கிறது. பீகிள்போன் பிளாக்கில் சேமிப்பு இரண்டு இடத்தில் உண்டு. ஒன்று நாம் செருகுகிற கார்டு. மற்றொன்று போர்டிலேயே சால்டர் செய்து வந்த உள் சேமிப்பு. தொடக்கத்தில் 2 ஜிபி, 2014-க்குப் பின் வந்தவற்றில் 4 ஜிபி. கரண்ட் வந்ததும் பொறித்த நிரல் முதலில் பார்ப்பது உள் சேமிப்பைத்தான். அங்கே தொடக்கி இருந்தால் அதையே எழுப்பிவிடும், கார்டுப் பக்கம் திரும்பாது. எழுந்த தொடக்கியோ, “கார்டு செருகியிருக்கிறதே” என்று கார்டிலுள்ள கெர்னலை எடுத்து ஓட்டும்.

ஆக, ஓடுகிற எல்லாமும் கார்டிலிருந்தே வந்தன என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, முதல் ஆள் மட்டும் வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறார். பழைய போர்டைப் பொருத்தியவர் அதன் உள் சேமிப்பை அன்றே காலி செய்துவிட்டிருந்தார். அதனால் அங்கே தொடக்கியும் கார்டிலிருந்தே வந்தது. மாற்றுப் போர்டு டப்பா பிரியாதது; கம்பெனியில் போட்டனுப்பிய பழைய தொடக்கி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தது. கார்டு அதேதான் என்று சூப்பர்வைசர் சொன்னது முழு உண்மை. அதைப் படித்த ஆள்தான் மாறிவிட்டார்.

ஒட்டுச் சீட்டு

தொடக்கி பழையது என்றால் என்ன நஷ்டம்? கெர்னலை ஏற்றத்தானே போகிறது?

பேனல் சீட்டையே மறுபடி பார்ப்போம். புதிதாக ஒரு மெஷின் இறக்கினால் சீட்டு முழுவதையும் யாரும் திருப்பி எழுதுவதில்லை. ஒரு துண்டுத் தாளில் “5 - புது லைக்ரா மெஷின்” என்று எழுதி, பழைய வரியின் மேல் ஒட்டிவிடுவார்கள். சாதன மரத்துக்கும் அப்படி ஒட்டுச் சீட்டு உண்டு. போர்டின் பொதுவான மரத்தில் நான்காம் சீரியல் வழி உறங்குவதாக எழுதியிருக்கும். எல்லாருக்கும் அது தேவைப்படாதே. நம் ஷெட்டில் கவுண்டர் கம்பி வந்து சேர்வது அதில்தான் என்பதால், அதை எழுப்பச் சொல்லும் ஓர் ஒட்டுச் சீட்டு கார்டில் இருக்கிறது.

அந்த ஒட்டுச் சீட்டை ஒட்டுகிறவர் யார் என்பதில்தான் சிக்கல். ஆரம்ப காலத்தில் கெர்னல் எழுந்த பிறகு அதுவே ஒட்டிக்கொண்டது. 2017 வாக்கில் அந்த வேலையைத் தொடக்கியிடம் மாற்றினார்கள். கெர்னல் கண் விழிக்கும் முன்பே சீட்டு முழுமையாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். நம் கார்டு 2019-ஐச் சேர்ந்தது என்று வையுங்கள். அதிலுள்ள கெர்னல், ஒட்டும் வேலை தன்னுடையது அல்ல என்று கைகழுவிவிட்டது. உள் சேமிப்பிலிருந்து எழுந்த 2016-ஆம் ஆண்டுத் தொடக்கிக்கு அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. கார்டின் அமைப்புக் கோப்பில் ‘இந்த ஒட்டுச் சீட்டை ஒட்டு’ என்று எழுதிய வரியைப் பார்த்துவிட்டு, புரியாமல் தாண்டிப் போயிற்று.

இரண்டு பேரில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் கெட்டுப்போகவும் இல்லை. ஷிப்ட் மாறும் நேரத்தில் “அவர் பார்த்துக்குவார்” என்று இருவரும் விட்ட வேலை. நான்காம் சீரியல் வழி உறங்கியே கிடந்தது. கவுண்டர்கள் கம்பியில் கத்திக்கொண்டிருந்தன. கேட்கக் காது இல்லை.

சத்தமில்லாத சாவு

இது சாதுவான வகை. போர்டு எழுந்தது, ஒரு வழி மட்டும் ஊமையானது. முரட்டு வகையில், சாதன மரமே வேறு போர்டுடையதாக இருக்கும். அப்போது தொடக்கி ‘கெர்னலைத் தொடங்குகிறேன்’ என்று ஒரு வரி அச்சிடும். அதற்குப் பிறகு ஒன்றுமே வராது. மணிக்கணக்கில் காத்திருந்தாலும் வராது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் இங்கே கெர்னல் கோப்பு கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, அதையே திரும்பத் திரும்ப ஏற்றுவார்கள். யோசித்துப் பாருங்கள்: கெர்னல் தன் பிழையை எங்கே அச்சிடும்? சீரியல் வழியில். அந்த வழி எந்த முகவரியில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? சீட்டைப் பார்த்து. சீட்டே தவறு என்றால் தன் வாய் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அலறினாலும் நமக்குக் கேட்காது. ஆகவே அந்த வரிக்குப் பின் வரும் மௌனமே ஒரு தடயம். கோப்பு பாதியில் அறுந்திருந்தால் தொடக்கியே பெரும்பாலும் புகார் சொல்லிவிடும். ஒழுங்காக ஏற்றிவிட்டுச் செத்தால் முதல் சந்தேகம் மரத்தின் மேல் விழ வேண்டும் என்பது என் கட்சி.

மூன்று கம்பி

திரையையும் விளக்கையும் பார்த்து இந்த வியாதியைக் கண்டுபிடிக்க முடியாது. போர்டு எழும்போது பேசுகிற பேச்சை ஒட்டுக் கேட்க வேண்டும். பீகிள்போனில் அதற்கென்றே ஜே1 என்ற ஆறு ஊசி வரிசை இருக்கிறது. முதல் ஊசி தரை, நான்காவது போர்டின் காது, ஐந்தாவது அதன் வாய். யூஎஸ்பி சீரியல் கேபிள் ஒன்றை வாங்கி, கேபிளின் வாயைப் போர்டின் காதிலும், கேபிளின் காதைப் போர்டின் வாயிலும் மாட்ட வேண்டும். 3.3 வோல்ட் கேபிள்தான். 5 வோல்ட் கேபிளை மாட்டினால் இந்த அத்தியாயத்துக்கே தேவை இருக்காது. வேகம் 115200.

கரண்ட் கொடுத்ததும் லேப்டாப்பில் ஓடும் முதல் வரியே போதும். யூ-பூட் தன் பெயரோடு பதிப்பையும் சொல்லும். 2008-க்குப் பிறகு அந்தப் பதிப்பெண் ஆண்டும் மாதமும்தான். கார்டில் உள்ளது 2019.04 என்று நமக்குத் தெரியும். வந்த வரியில் 2016.03 என்று இருந்தால், எழுந்தவர் நாம் நினைத்த ஆள் இல்லை. மூன்று நாள் கம்பி மாற்றியவர்களுக்கு இந்த ஒரு வரியைக் காட்டினால் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

பிறகு ஒரு சோதனை. போர்டில் எஸ்2 என்ற சின்னப் பட்டன் இருக்கிறது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே கரண்ட் கொடுத்தால் பொறித்த நிரல் உள் சேமிப்பைத் தேடாது, கார்டுக்குப் போகும். பலர் வழுக்குகிற இடம் ஒன்று: ரீசெட் பட்டன் போதாது. எங்கே தேடுவது என்ற முடிவு கரண்ட் ஏறுகிற கணத்தில் எடுக்கப்படுவது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திரும்பச் செருக வேண்டும். செருகினோம். முதல் வரி 2019.04. திரையில் நான்காவது மெஷின் 212 என்றது, ஏழாவது 88 என்றது, கொஞ்ச நேரத்தில் பன்னிரண்டும் எண்ணத் தொடங்கின.

ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் பட்டனை யார் அழுத்துவது? ஆகவே நிரந்தர வைத்தியம்: கார்டிலிருந்து எழுந்த நிலையில், உள் சேமிப்பின் முதல் 10 எம்பி அளவைப் பூஜ்யத்தால் நிரப்பிவிடுவது. பழைய தொடக்கி அங்கேதான் இருந்தது. அது போனதும் பொறித்த நிரல் தேடிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்று தானே கார்டுக்கு வரும். உள் சேமிப்பில் ஏதாவது தரவு இருந்தால் இதோடு அதுவும் போய்விடும். முதலில் நகல் எடுங்கள். எது கார்டு, எது உள் சேமிப்பு என்ற எண் வரிசை கெர்னலுக்குக் கெர்னல் இடம் மாறியதுண்டு. அளவைப் பார்த்து உறுதி செய்த பிறகே கை வைக்க வேண்டும். அவசரத்தில் கார்டையே அழித்தவர்கள் இருக்கிறார்கள்.

வேறு முகங்கள்

“போர்டே டூப்ளிகேட்” என்ற சந்தேகத்திலும் ஒரு பொறி உண்மை உண்டு. இந்தப் போர்டில் ஒரு சிறு நினைவுச் சிப்பு இருக்கிறது. போர்டின் பெயரும் பதிப்பும் அதில் எழுதியிருக்கும். தொடக்கி அதைப் படித்துத்தான் எந்த மரம் என்று தேர்ந்தெடுக்கிறது. மலிவு நகல்கள் சிலவற்றில் அதை எழுதாமலேயே விட்டுவிடுவார்கள். பெயர் இல்லாத ஆளுக்கு எந்தச் சீட்டைக் கொடுப்பது என்று தெரியாமல், எந்தச் சாதன மரம் என்று தீர்மானிக்க முடியவில்லை என யூ-பூட் எச்சரிக்கும். நம் ஷெட்டில் அந்த வரி வரவில்லை. அதனால்தான் அந்தத் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தேன்.

ராஸ்பெரி பையில் கதை வேறு வேஷம் போடும். 2018 மார்ச் 14 அன்று வந்த 3பி பிளஸ் போர்டில், பழைய 3பி-க்கு எழுதிய கார்டைச் செருகியவர்கள் பலர் ஏமாந்தார்கள். புதிய போர்டுக்கான மரமும் அதைத் தெரிந்த தொடக்க நிரலும் பழைய கார்டில் இல்லை. அங்கே பச்சை விளக்கு கொஞ்சம் உதவும்: நான்கு சின்னச் சிமிட்டல் என்றால் தொடக்க நிரல் கோப்பு கிடைக்கவில்லை, ஏழு என்றால் கெர்னல் கிடைக்கவில்லை, நான்கு நீளமும் நான்கு குட்டையும் என்றால் இந்தப் போர்டே எனக்குப் பழக்கமில்லை என்று பொருள்.

எந்தப் போர்டானாலும் எழுந்து நின்றுவிட்டது என்றால், ஓடும் லினக்ஸில் சாதன மரம் ஒரு கோப்புறையாகவே தெரியும். அதில் மாடல் என்ற கோப்பைத் திறந்தால், தான் எந்தப் போர்டு என்று கெர்னல் நம்பிக்கொண்டிருக்கிறதோ அந்தப் பெயர் இருக்கும். போர்டின் மேல் அச்சடித்த பெயரோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது.

மாற்றுப் போர்டு வாங்கி பீரோவில் வைக்கிற பனியன் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டப்பாவை அன்றே பிரித்து, ஓடுகிற கார்டின் பிரதியைப் போட்டு ஒரு முறை எழுப்பிப் பாருங்கள். தொடக்கியின் பதிப்பெண், கார்டு எழுதிய தேதி, எந்தச் சீரியல் வழி, எந்தத் துளை ஆகிய நான்கையும் ஒரு சீட்டில் எழுதி, போர்டு டப்பாவின் மேல் ஒட்டிவிடுங்கள். பேனாவால் எழுதினால் போதும்.